பில்பி வேகமாகப் பெருகும் விலங்குதான். பிறகும் ஏன் அருகிக்கொண்டு போகிறது?

கேள்வியில் மூன்று பகுதி இருக்கிறது. ஆஸ்திரேலியப் பாலைவனத்துப் பில்பி வருடத்துக்கு நான்கு ஈத்து போடும் என்கிறார்களே, பிறகு ஏன் அழிகிறது? வேலி கட்டி உள்ளே விட்டுவிட்டால் வேலை முடிந்துவிடாதா? கையில் கொஞ்சம் பணமும் ஆளும் இருந்தால் முதலில் எதில் போட வேண்டும்?

சுருக்கமாகச் சொன்னால், பில்பிக்குப் பிறப்பில் குறை இல்லை, பிழைப்பில்தான் குறை. பிறக்கிற குட்டியும் அதைப் பெற்ற தாயும் பூனை வாய்க்கும் நரி வாய்க்கும் போகின்றன. வேலி அவசியம், ஆனால் அது வாங்கித் தருவது அவகாசம். வேலிக்கு வெளியே பூனையையும் நரியையும் குறைத்து வைக்க வேண்டும், அதையும் மழையின் கணக்கைப் பார்த்துச் சரியான மாதத்தில் செய்ய வேண்டும். இந்த விலங்கு அடுத்த நூற்றாண்டைப் பார்க்குமா என்பது அதைப் பொறுத்தது.

முதலில் விலங்கைத் தெரிந்துகொள்வோம். பில்பி முயல் அளவு இருக்கும். நீண்ட காது, கூர்மூக்கு, பட்டுப்போன்ற சாம்பல்நீல மயிர், நடுவில் கறுத்து நுனியில் வெளுத்த வால். கங்காருவைப் போல வயிற்றுப்பையில் குட்டி வளர்க்கும் பாலூட்டி. மண் தோண்டும்போது பைக்குள் மண் விழாதபடி பையின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கும். ஆண் 1 முதல் 2.5 கிலோ வரை இருக்கும், பெண் 0.8 முதல் 1.1 கிலோதான். இந்த எடை வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கர்ப்பகாலம் சுமார் இரண்டு வாரம். பாலூட்டிகளிலேயே மிகக் குறுகியவற்றில் ஒன்று. பிறகு குட்டி 75 முதல் 80 நாள் பைக்குள் இருக்கும். பையை விட்டு வந்ததும் ஏறக்குறைய இரண்டு வாரம் வளைக்குள்ளேயே பால் குடிக்கும். ஈத்துக்கு ஒன்று அல்லது இரண்டு குட்டி, அரிதாக மூன்று. பெண் குட்டி ஆறு மாதத்தில் தானே தாயாகத் தயார். மழை பெய்து விதையும் புழுவும் தட்டில்லாமல் கிடைக்கும் ஆண்டில் நான்கு ஈத்து சாத்தியம். ஆகவே நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். கூண்டில் வைத்துப் பெருக்குவதும் பெரிய கஷ்டமில்லை.

தண்ணீர் குடிக்காமலே பெரும்பாலும் சமாளித்துவிடும். கறையான், அக்கேசியாப் புதரின் வேருக்குள் இருக்கும் கொழுத்த புழு, கோரைக் கிழங்கு, புல் விதை, பூஞ்சை என்று கிடைப்பதைத் தின்று அதிலிருந்தே ஈரத்தை எடுத்துக்கொள்ளும். வெயில் நேரம் முழுவதும் வளைக்குள். அந்த வளை சுருளாக இறங்கும், 3 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட 2 மீட்டர் ஆழம் வரை போகும். ஒரு பில்பியே பத்துப் பன்னிரண்டு வளை வைத்துக்கொண்டு மாறி மாறித் தங்கும். கைவிட்ட வளைகளில் உடும்பு, பாம்பு, பறவை, சிறு பாலூட்டி எல்லாம் குடியேறும். மேற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் பில்பி வளைகளைப் பயன்படுத்தும் இனங்களை எண்ணியபோது நாற்பதைத் தாண்டியது. இரைக்காகத் தோண்டிய சிறு குழிகளில் சருகும் விதையும் மழைநீரும் தங்கி, கெட்டிப்பட்ட மண்ணில் செடி முளைக்க இடம் கிடைக்கிறது. பில்பி போனால் ஒரு விலங்கு மட்டும் போகாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி அழிவின் கதை. ஐரோப்பியர் வருவதற்கு முன் பில்பி ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பரவியிருந்தது. இன்று அந்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மிச்சமிருப்பவை வட பிராந்தியத்தின் தனாமி பாலைவனம், மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரேட் சாண்டி, கிப்சன் பாலைவனங்கள், பில்பரா, கிம்பர்லியின் தென்பகுதி ஆகிய இடங்களில் உள்ளன. இவற்றிலிருந்து வெகுதூரம் விலகி, குவீன்ஸ்லாந்தின் தென்மேற்கு மூலையில் அஸ்ட்ரெப்லா டௌன்ஸ், டயமண்டினா தேசியப் பூங்காக்களை ஒட்டி ஒரு தனிக்கூட்டம். தேசியச் சட்டத்தில் இது 'அழிவுக்கு இலக்காகக்கூடிய' இனம், குவீன்ஸ்லாந்து மாநிலப் பட்டியலில் அதைவிட ஒரு படி மோசம். இதன் உறவான சின்னப் பில்பி அடியோடு போய்விட்டது. உயிரோடு கடைசியாகப் பிடிபட்டது 1931ல். 1967ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத் தென்கிழக்கே ஒரு கழுகுக் கூட்டின் அடியில் அதன் மண்டையோடு கிடைத்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

இந்த அழிவுக்குக் காரணம் வெளியிலிருந்து வந்த மூன்று விலங்குகள். முயல் 1859ல் விக்டோரியாவில் வேட்டைக்காக விடப்பட்டது. சிவப்பு நரி 1870களில் வந்தது. பூனை முதல் குடியேறிகளின் கப்பல்களோடேயே வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் கண்டம் முழுக்கப் பரவிவிட்டது. நான் பூனை என்று எழுதுவது நம் ஊர்க் காட்டுப்பூனையை இல்லை. வீட்டுப்பூனையின் வம்சம்தான், தலைமுறை தலைமுறையாக மனிதரை அண்டாமல் வேட்டையாடிப் பிழைப்பது.

இந்த மூன்றும் தனித்தனியாகச் செய்யும் கேட்டைவிடச் சேர்ந்து செய்வது பெரிது. முயல் பில்பியின் உணவைத் தின்கிறது, வளையைப் பிடித்துக்கொள்கிறது என்பது உண்மை. அதைவிட மோசமானது, முயல் பூனைக்கும் நரிக்கும் வருடம் முழுக்கச் சோறு போடுகிறது. பில்பியை மட்டும் நம்பியிருக்கும் பூனை என்றால், பில்பி குறைந்ததும் பூனையும் குறையும். முயலைத் தின்று நூறு பூனை பிழைத்திருக்கும் நிலத்தில், கடைசிப் பில்பி வரைக்கும் தின்று தீர்த்தாலும் பூனைக்கு நஷ்டம் இல்லை. நரி அதிகமில்லாத, வெயில் கூடிய வடபகுதியில் மட்டும் பில்பி எஞ்சியிருப்பது தற்செயல் அல்ல. அங்கே டிங்கோ என்ற ஆஸ்திரேலியக் காட்டுநாய்கள் நரியை ஓரளவு அடக்கியும் வைக்கின்றன. டிங்கோவும் எப்போதாவது பில்பியைப் பிடிக்கும், ஆனால் கூட்டிக்கழித்துப் பார்த்தால் பில்பிக்கு அதனால் லாபமே.

இப்போது எடைக் கணக்குக்கு வருகிறேன். பூனை நாலு கிலோ இருக்கும். ஒரு கிலோ அளவே உள்ள பெண் பில்பி அதற்கு வசமான இரை, இரண்டரை கிலோ ஆணைப் பிடிப்பது சிரமம். ஆகவே பூனை நுழைந்த இடத்தில் முதலில் குறைவது தாயும் குட்டியும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பெரிய ஆண்களின் தடம் தொடர்ந்து தென்படும், கூட்டம் நலமாக இருப்பதாகத் தோன்றும். பெண்கள் தீர்ந்த பிறகே விஷயம் தெரியும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதியடைவதில் இருக்கும் ஆபத்து இது.

இதில் மழையின் பங்கைப் புரிந்துகொள்ளாமல் எந்தத் திட்டமும் நிற்காது. அஸ்ட்ரெப்லா டௌன்ஸில் நடப்பதைப் பாருங்கள். மிட்சல் புல் வெளி, களிமண் நிலம். பல வருட வறட்சிக்குப் பிறகு ஒன்றிரண்டு நல்ல மழை வருகிறது. புல் விதைத்து நிற்கிறது, நீளமயிர் எலி லட்சக்கணக்கில் பெருகுகிறது. எலியைத் தின்று பூனை பெருகுகிறது, பில்பியும் பெருகுகிறது. இந்தக் கட்டத்தில் யாருக்கும் கவலை இருக்காது. பிறகு நிலம் காய்கிறது, எலிக்கூட்டம் சில மாதங்களில் சரிந்து விழுகிறது. அப்போது பெருகிய பூனைக்கூட்டம் மொத்தமும் பசியோடு பில்பி பக்கம் திரும்புகிறது. 2010, 2011 பெருமழைகளுக்குப் பிறகு அங்கே இதுதான் நடந்தது. பூங்கா ஊழியர்கள் இரவிரவாக விளக்கடித்துச் சுட வேண்டியிருந்தது. பூனைகள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. எலி உச்சத்தில் இருக்கும்போதே பூனை வேட்டையைத் தொடங்க வேண்டும், எலி விழுந்த பிறகு தொடங்கினால் பாதிப் பில்பி போயிருக்கும். ஆனால் நிதி ஒதுக்கீடு பெரும்பாலும் அபாயச்செய்தி வந்த பிறகே வருகிறது. பில்பிப் பாதுகாப்பில் திரும்பத் திரும்ப அடிபடும் இடம் இது என்பது என் உறுதியான கருத்து.

சரி, வேலி. சாதாரண ஆட்டு வேலி பூனைக்கு ஒரு பொருட்டே இல்லை. தென் ஆஸ்திரேலியாவில் ராக்ஸ்பி டௌன்ஸ் அருகே 1997ல் தொடங்கிய ஆரிட் ரிகவரி என்ற காப்பகத்தில் பல வடிவங்களைப் பூனையையும் நரியையும் வைத்தே சோதித்துப் பார்த்துத் தேறியது இது: 180 சென்டிமீட்டர் உயரக் கம்பிவலை. உச்சியில் வெளிப்பக்கமாக 60 சென்டிமீட்டர் வலை வில்போல வளைந்து நீண்டிருக்க வேண்டும். அதைத் தடித்த கம்பித் துண்டுகளால் தாங்கி நிறுத்துவார்கள், ஆனால் விறைப்பாகக் கட்டமாட்டார்கள். ஏறிவரும் பூனை கையை வைத்ததும் விளிம்பு ஆட வேண்டும், பிடி கிடைக்கக் கூடாது. விறைப்பாகக் கட்டினால் அதுவே பூனைக்குப் படியாகிவிடும். அடியில் வெளிப்புறமாகத் தரையோடு ஒரு வலையைப் படுக்கவைத்து, கல்லோ மண்ணோ போட்டு அமுக்கியிருப்பார்கள். வேலியோரம் வந்து தோண்டும் நரி, தான் நிற்கும் இடத்திலேயே வலை இருப்பதால் தோற்றுப்போகும். வலையின் கண் அளவும் முக்கியம். கீழ்ப்பகுதியில் 30 மில்லிமீட்டர் கண் வேண்டும். 40 வைத்தால் முயல் குட்டி நுழைந்துவிடும். உள்ளே முயல் பெருகினால் முன்பு சொன்ன சங்கிலி வேலிக்குள்ளேயே தொடங்கும். மின்கம்பி கூடுதல் பலம் தரும், ஆனால் அதை மட்டும் நம்பி வலையில் சிக்கனம் பிடிக்கக் கூடாது.

கட்டுவதைவிடக் காப்பது கடினம். கங்காரு மோதி ஓட்டை விழும். உருண்டு வரும் முட்செடி காற்றில் வேலியோரம் குவிந்து பூனைக்கு ஏணியாகும். மணல் ஏறி 180 சென்டிமீட்டர் வேலி 120 ஆகிவிடும். ஓடை குறுக்கிடும் இடத்தில் வெள்ளம் வலையைப் பிய்த்துக்கொண்டு போகும். ஆகவே வேலியை ஒட்டி வண்டிப்பாதை, வாராவாரம் முழுச் சுற்று, புயல்மழைக்கு மறுநாள் கட்டாயமாக ஒரு சுற்று. பாதையைச் சமன் செய்து வைத்தால் அதில் விழும் தடமே யார் வந்துபோனார்கள் என்று சொல்லும். இந்தச் செலவு வேலி நிற்கும் காலம் முழுவதும் ஓடும். நன்கொடை திரட்டுபவர்கள் வேலிக்குக் காசு கேட்கிறார்கள், கொடுப்பவர்களும் கண்ணுக்குத் தெரியும் வேலிக்கே கொடுக்கிறார்கள். சுற்றிவரும் ஆளின் சம்பளத்துக்குக் கேட்டால் கை நீளுவதில்லை.

குவீன்ஸ்லாந்தின் கரவின்யா தேசியப் பூங்காவில் நடந்தது இதற்குச் சாட்சி. ஃபிராங்க் மான்தி, பீட்டர் மெக்ரே என்ற இரண்டு குவீன்ஸ்லாந்துக்காரர்கள் 1999ல் 'சேவ் த பில்பி ஃபண்ட்' என்ற நிதியைத் தொடங்கி, பொதுமக்களிடம் பணம் திரட்டி அங்கே வேலி எழுப்பினார்கள். 2005 டிசம்பரில் முதல் பில்பிகள் உள்ளே விடப்பட்டன, பெருகவும் செய்தன. பிறகு வந்த வெள்ளத்தில் தண்ணீர் நாள்கணக்கில் வடியாமல் வேலியின் அடிவலையைச் சூழ்ந்து நின்றது. நீருக்குள் இருந்த கம்பி துருப்பிடித்துத் தின்னப்பட்டது. மேலே நின்று பார்த்தால் வேலி முழுசாகத்தான் தெரியும். 2012ல் உள்ளே பூனைகள் இருப்பது தெரிந்தபோது அத்தனை வருட உழைப்பும் போயிருந்தது. வேலியைச் சரிசெய்து, உள்ளிருந்த ஒவ்வொரு பூனையையும் அகற்றி, 2019லேதான் மறுபடி பில்பிகளை விட முடிந்தது. வெள்ளம் தேங்கும் தாழ்வில் அடிவலையைத் தனித்துண்டாகக் கட்டினால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். நீர் வடிந்ததும் அடியைத் தோண்டிக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்தால் போதாது.

வேலிக்குள் கடைசிப் பூனையை எடுப்பதுதான் ஆக நீண்ட வேலை. முதல் தொண்ணூறு சதவீதம் சுடுவதிலும் விஷ இரையிலும் பொறியிலும் போகும். மிச்சம் இருப்பவை எல்லாவற்றையும் கண்டு பழகியவை. வட பிராந்தியத்தின் நியூஹேவன் சரணாலயத்தில் 2018ல் 44 கிலோமீட்டர் வேலி எழுப்பி சுமார் 94 சதுர கிலோமீட்டரை அடைத்தார்கள். உள்ளே எஞ்சிய பூனைகளை முடித்ததில் வார்ல்பிரி என்ற பழங்குடி மக்களின் தடம் பார்க்கும் திறனுக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே 2022ல் பில்பி திரும்பியது. ஒரே ஒரு சினைப் பூனை தப்பினாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்பதால், கேமராவிலும் தடத்திலும் எதுவும் தென்படாமல் பல மாதம் கழிந்த பிறகே விலங்கை உள்ளே விட வேண்டும்.

விடும்போது கவனிக்க வேண்டியவை சில. பில்பி கூண்டுப்பொறிக்குள் சுலபமாக நுழையாது. இரவில் விளக்கடித்து நீளக்கைப்பிடி வலையால் பிடிப்பதே பல இடங்களில் வழக்கம். பிடித்ததும் எடை, பை சோதனை, மரபணுவுக்குச் சிறு திசு. பையில் பெரிய குட்டி இருந்தால் அந்தத் தாயை அங்கேயே விட்டுவிட வேண்டும். பயத்தில் பைத்தசை தளர்ந்து குட்டியை உதிர்த்துவிடும், பிறகு திரும்பிப் பார்க்காது. கோடையில் இடம் மாற்றக் கூடாது. இருட்டுப் பெட்டியில் கொண்டுபோய் இரவிலேயே, முன்கூட்டித் தோண்டிவைத்த குழியில் விட வேண்டும். இல்லாவிட்டால் விடிவதற்குள் வளை தோண்ட நேரமில்லாமல் வெயிலிலும் பருந்திடமும் மாட்டும். வாலில் ஒட்டும் ரேடியோக் கருவி சில வாரத்தில் தானே விழுந்துவிடும். அந்தச் சில வாரங்கள்தான் சாவு அதிகம் விழும் காலம் என்பதால் அதுவே போதும். செத்த உடல் கிடைத்தால் கடித்த இடத்தில் எச்சில் மாதிரி எடுத்துப் பூனையா நரியா என்று மரபணுவில் பார்த்துக்கொள்ளலாம். யார் கொன்றது என்று தெரியாமல் செய்யும் கட்டுப்பாடு பாதிக்குப் பாதி வீண்.

பத்து விலங்கோடு தொடங்கிய காப்பகம் வெளியே பார்க்க நிறைந்திருந்தாலும் உள்ளுக்குள் ஒரே குடும்பம். அதனால் பல இடத்து விலங்குகளைக் கலந்து தொடங்குவதும், காப்பகங்களுக்கிடையே அவ்வப்போது சிலவற்றை மாற்றிக்கொள்வதும் நடக்கிறது. 2024ல் சிட்னி பல்கலைக்கழகம் முன்நின்று பில்பியின் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டது. இப்போது பாலைவனத்தில் பொறுக்கிய புழுக்கையிலிருந்தே எந்த விலங்கு, எந்த வம்சம் என்று சொல்லும் சோதனையும் கைக்கு வந்திருக்கிறது. விலங்கைப் பிடிக்காமலே எண்ண முடிகிறது என்பது பெரிய முன்னேற்றம்.

வேலிக்குள் இரண்டு தொல்லைகள் மெதுவாக வளரும். ஒன்று, பகையில்லாமல் சில விலங்குகள் அளவுமீறும். ஆரிட் ரிகவரியில் பெட்டாங்கு என்ற, வளைதோண்டும் சிறு கங்காரு வகை 30 விலங்குகளோடு தொடங்கி ஆயிரக்கணக்காகி, செடிகளை மொட்டையடித்தது. அதே நிலத்தில் இருக்கும் பில்பிக்கும் வறட்சியில் உணவு இல்லாமல் போனது. உள்ளிருந்து வெளியே மட்டும் போகக்கூடிய ஒருவழிக் கதவுகள் வைக்க வேண்டி வந்தது. இரண்டாவது, பூனையையே காணாமல் வளர்ந்த பில்பிக்குப் பூனை வாசனை ஒரு பொருட்டாகத் தெரியாது. வெளியே விட்டால் முதல் வாரமே இரையாகிவிடும். இதற்கும் அங்கேயே ஒரு வழி தேடினார்கள். வேலியிட்ட ஒரு பகுதியில் மிகக் குறைந்த எண்ணிக்கையில் பூனைகளை இருக்கவிட்டு, பில்பிகளை ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவற்றோடு வாழவிட்டார்கள். பிறகு அந்தப் பில்பிகளையும் பூனையே அறியாதவற்றையும் பூனைகள் உள்ள வேறோர் இடத்தில் விட்டபோது, பழகியவை கூடுதலாகப் பிழைத்தன. 2019ல் வெளியான இந்த முடிவு எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. நியூ சவுத் வேல்ஸின் ஸ்டர்ட் தேசியப் பூங்காவிலும் இதே எண்ணத்தில், பூனை, நரி எண்ணிக்கையை அளவோடு வைக்கும் பயிற்சி வளாகம் ஒன்றை அமைத்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேல் பில்பியே இல்லாத அந்த மூலைக்கு அது 2020ல் திரும்பியது.

வேலிக்கு வெளியே என்ன செய்வது? நரியைக் குறைப்பது ஒப்பீட்டளவில் சுலபம். செத்த இறைச்சியை எடுத்துத் தின்னும், விஷ இரையில் விழும். பூனை அப்படியில்லை, உயிருள்ள இரை கிடைக்கும்வரை தரையில் கிடக்கும் இறைச்சியைத் தொடாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பயன்படும் எராடிகேட் என்ற விஷ இரை, கங்காரு இறைச்சியில் கோழிக்கொழுப்பும் சுவையூட்டியும் சேர்த்துச் செய்த சிறிய சாசேஜ். ஒவ்வொன்றிலும் 4.5 மில்லிகிராம் 1080 என்ற நஞ்சு, அதாவது சோடியம் ஃபுளூரோஅசிட்டேட். விமானத்திலிருந்து சதுர கிலோமீட்டருக்கு 50 வீதம் போடுவார்கள். இந்த நஞ்சு அந்த மண்ணின் சில செடிகளிலேயே இயற்கையாக இருப்பது, அதனால் மேற்குப் பகுதியின் உள்ளூர் விலங்குகள் பலவற்றுக்குத் தாங்கும் சக்தி உண்டு. போடுவதற்கு முன் வெயிலில் வைத்துக் கொழுப்பு மேலே கசியவிடுவார்கள், வாசனைக்காக. எறும்பு மொய்க்காத மருந்தும் தெளிப்பார்கள், எறும்பேறிய இரையைப் பூனை தீண்டாது.

போடும் காலம்தான் எல்லாம். பல்லி, ஓணான் பதுங்கிக்கிடக்கும் குளிர்ந்த வறண்ட மாதங்களில், எலியும் முயலும் குறைவாக இருக்கும்போது போட்டால் பசித்த பூனை தின்னும். மழைக்குப் பிறகு இரை கொழித்திருக்கும்போது போட்டால் அத்தனையும் வீண், மழை பட்டால் நஞ்சும் கரைந்துபோகும். இன்னொரு சிக்கலும் உண்டு: 1080 டிங்கோவையும் கொல்லும். டிங்கோ போனால் நரி ஏறும். நரி நிறைந்த தெற்கில் ஒரு முடிவும், டிங்கோ காவல் இருக்கும் வடக்கில் வேறு முடிவும் எடுக்க வேண்டியிருக்கிறது. நாடு முழுக்க ஒரே செய்முறையை எழுதிக் கொடுப்பவரை நம்பாதீர்கள்.

விஷ இரையைத் தொடாத பூனைக்கு ஃபெலிக்சர் என்ற கருவி இருக்கிறது. பூனை தன் மயிரை நக்கிச் சுத்தம் செய்யும் பழக்கத்தைப் பயன்படுத்துவது. லேசர் உணரிகள் எதிரே கடக்கும் விலங்கின் உயரம், உடல் வடிவம், நடையைப் பார்த்துப் பூனைதான் என்று முடிவு செய்தால், 4 மீட்டர் தூரம் வரை 8 மில்லிகிராம் 1080 கலந்த பசையை அதன் உடம்பில் பீய்ச்சும். பிறகு பூனை அதை நக்கும்போது வேலை முடியும். பில்பியும் கங்காருவும் கடந்தால் பீய்ச்சாது, படம் மட்டும் எடுக்கும். குறை என்னவென்றால், பூனை அந்தக் கருவியின் முன்னால் போக வேண்டும். வண்டித்தடம், வேலியோரம், நீர்நிலைப் பாதை போன்ற ஒடுங்கிய இடத்தில் வைத்தால் பலன் உண்டு, திறந்த மணல்வெளியில் இல்லை.

எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பேசப்படுவது மனிதக் கண். இன்று பில்பி எஞ்சியிருக்கும் நிலத்தின் பெரும்பகுதி பழங்குடி மக்களின் பராமரிப்பில் உள்ளது. அவர்கள் மொழிகளில் இதன் பெயர் நின்னு, மங்கர், வல்பஜிரி; கதையிலும் சடங்கிலும் உள்ள விலங்கு. கிப்சன் பாலைவனத்துக் கிவிர்குர்ராவில் பிந்துபி மக்கள் பூனையைக் கால்தடம் பிடித்தே வேட்டையாடுகிறார்கள். புதுத் தடம் கண்டதும் இறங்கி மணிக்கணக்கில் பின்தொடர்ந்து, வெயிலில் களைத்து நிற்கும் பூனையை அடைந்துவிடுகிறார்கள். அவர்கள் வேட்டையாடும் சுற்றுவட்டத்தில் பில்பி இன்னமும் இருக்கிறது. வளை இருக்கும் இடத்தைச் சுற்றி, அந்தப் பகுதியில் பழகிவிட்ட குறிப்பிட்ட பூனையையே தேடி எடுப்பது வானிலிருந்து தூவும் இரையால் முடியாத காரியம்.

நெருப்பும் அவர்கள் கையில் இருந்த கருவிதான். நடந்துபோகும் வழியில் குளிர்காலத்தில் சிறு சிறு துண்டாக எரித்து வந்தார்கள். புதிதாக எரிந்த இடத்தில் முளைக்கும் யாக்கிரா என்ற புல்லின் விதையை பில்பி விரும்பித் தின்னும், பக்கத்திலேயே எரியாத ஸ்பினிஃபெக்ஸ் என்ற முட்புல் புதர் ஒளிய இடம் தரும். மக்கள் நிலத்தைவிட்டுக் குடியிருப்புகளுக்கு நகர்ந்த பிறகு புல் வருடக்கணக்கில் சேர்ந்து, கோடை மின்னலில் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் ஒரே தீயாக எரிகிறது. எரிந்த வெட்டவெளிக்குப் பூனை வெகுதூரத்திலிருந்து தேடி வருகிறது. ஆகவே காற்று தணிந்த குளிர்மாதங்களில், மாலையில் பற்றவைத்து இரவுப் பனியில் தானே அணையும்படியான சிறு தீ. வளைகள் தெரிந்த இடத்தைச் சுற்றி முதலில் ஒரு பாதுகாப்பு வளையம்.

கண்காணிப்புக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. 200 மீட்டருக்கு 100 மீட்டர், அதாவது இரண்டு ஹெக்டேர் துண்டு ஒன்றை எடுத்து, சுமார் 25 நிமிடம் நடந்து தேடுவதே பாலைவனங்களில் பரவலாக உள்ள முறை. சூரியன் சாய்ந்திருக்கும் காலையிலோ மாலையிலோ போக வேண்டும், அப்போதுதான் தடத்தில் நிழல் விழும். முந்தைய இரவு காற்றடித்திருந்தால் அன்று வேண்டாம். பில்பியின் முன்காலில் மூன்று தடித்த நகங்களின் இணைகோடு தெரியும், பின்கால் தடம் நீண்டு ஒடுங்கியிருக்கும். அக்கேசியாப் புதரடியில் வேரைப் பிளந்து புழு எடுத்த குழி கிட்டத்தட்ட உறுதியான அடையாளம். குழியிலிருந்து வெளியே தள்ளிய மண்ணில் மணல் நிறைந்த வழவழப்பான புழுக்கை கிடந்தால் சந்தேகமே இல்லை. உடும்பும் குழி தோண்டும். அதன் வாய் அரைவட்டமாகப் பரந்திருக்கும், வால் இழுத்த கோடு தெரியும். வளைவாயில் சிலந்திவலை இருந்தால் அது பழையது. ஒரே துண்டில் பூனைத் தடத்தையும் நரித் தடத்தையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். பில்பி இருக்கிறதா என்பதைவிட, பூனை கூடுகிறதா என்பதே முன்னெச்சரிக்கை.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பணம் கொஞ்சம்தான் என்றால் புதிய வேலி வேண்டாம். ஏற்கெனவே பில்பி இருக்கும் நிலத்தில் தடம் பார்க்கத் தெரிந்த நாலு பேருக்கு, வறட்சி ஆண்டையும் சேர்த்துத் தொடர்ந்து சம்பளமும் ஒரு வண்டியும் முதலில். அடுத்து, நல்ல மழை பெய்த ஆண்டில் தொடாமல் எடுத்துவைத்து, எலி உச்சிக்கு வரும்போது பூனை வேட்டைக்கு இறக்கும் ஒரு அவசர நிதி. இந்த இரண்டும் இருக்கிற இடத்தில் குளிர்கால எரிப்பு கூடுதல் செலவு அதிகமில்லாமல் நடக்கும், அதே ஆட்கள்தான். வேலி மூன்றாவது. அதுவும் பராமரிப்புக்கு நீண்டகால நிதி கையில் இருந்தால் மட்டும். ஈஸ்டருக்கு முயலுக்குப் பதிலாக சாக்லேட் பில்பி வாங்குவது ஆஸ்திரேலியாவில் 1990களிலிருந்து இருக்கும் நல்ல பழக்கம், ஆனால் விற்பவர் அதில் ஒரு பங்கைப் பாதுகாப்புக்குக் கொடுக்கிறாரா என்று உறையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். உருவம் மட்டும் பில்பியாக இருந்தால் பாலைவனத்துக்கு எதுவும் போய்ச் சேராது.